தலைக்கு வந்தது

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. எனக்கு முன்னர்ப் பேசிய புலவர் பெருமக்கள் அந்த மரபைச் செவ்வனே காத்தனர். நானோ மெட்ரிக் படிப்போடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன். "விளையாட்டுக் குழுவைப் பார்த்துக்கொள்பவர் நீங்கள், விளையாட்டைப் பற்றியே நாலு வார்த்தை பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார். அந்தத் துணிவிலேதான் நிற்கிறேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெரிய ஆபத்து சிறிய இழப்போடு விலகிப் போனால் இப்படிச் சொல்வது வழக்கம். இந்தப் பழமொழி, சொல்லுக்குச் சொல், ஒரு நாள் உண்மையாகவே நடந்தது. அதை நீங்களும் அறிவீர்கள். ஆனால் இந்தப் பழமொழியோடு சேர்த்து நினைத்திருக்க மாட்டீர்கள்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 21. அகமதாபாத் நகரில் ரஞ்சிக் கோப்பை அரையிறுதி ஆட்டத்தின் ஐந்தாம் நாள். நாம் வந்து குடியேறி வாழும் இந்தக் கேரளத்தின் அணி முதல் ஆட்டத்தில் 457 ஓட்டங்கள் எடுத்திருந்தது. குஜராத் அணி ஒன்பது பேரை இழந்து 455. இன்னும் மூன்று ஓட்டம் எடுத்தால் முன்னிலை அவர்களுக்கு. ஆட்டம் சமமாக முடியும்போது முன்னிலை பெற்றவர்களுக்கே இறுதி ஆட்டத்தில் இடம். குஜராத்தின் கடைசி ஜோடியில் ஒருவரான நகவாஸ்வாலா, ஆதித்ய சர்வாதே வீசிய பந்தை ஓங்கி அடித்தார். மட்டைக்கு மிக அருகில், ஷார்ட் லெக் என்னும் இடத்தில் குனிந்து நின்றார் தலச்சேரி இளைஞர் சல்மான் நிசார். விலக நேரம் ஏது? பந்து அவருடைய தலைக்கவசத்தில் மோதி மேலே எழும்பியது. எழும்பிய பந்து அணித்தலைவர் சச்சின் பேபியின் கைக்குள் வந்து விழுந்தது. இரண்டே ஓட்டம் முன்னிலை! கேரளம் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குச் சென்றது.

அன்று நம் காலனியில் வெடித்த பட்டாசும், பாயசமும் உங்களுக்கு நினைவிருக்கும். மலையாளம், தமிழ் என்ற வேறுபாடு இல்லாமல் தெருவே மகிழ்ந்தது. இறுதி ஆட்டம் நாகபுரியில் சமமாக முடிந்து, முன்னிலை பெற்ற விதர்பா கோப்பையைக் கொண்டு சென்றது வேறு கதை. ஆயினும் சல்மான் நிசாரின் அந்தத் தலைக்கவசத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பாதுகாக்கக் கேரளக் கிரிக்கெட் சங்கம் எண்ணியிருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. மணிமுடியைப் பேழையில் வைத்துக் காத்த நாடு இது. தலைக்கவசத்துக்கும் அந்த மரியாதை கிடைத்ததில் வியப்பில்லை.

அந்த மகிழ்ச்சிக்கு நடுவே எனக்கு மட்டும் வேறொரு பிப்ரவரி நினைவுக்கு வந்தது.

1998ஆம் ஆண்டு பிப்ரவரி 20. வங்கதேசத்தின் டாக்கா நகரம். அங்கே இரண்டு கழகங்களுக்கு இடையே ஓர் ஆட்டம். அபாஹானி கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர் நம் நாட்டின் ராமன் லம்பா. இந்தியாவுக்காக 4 டெஸ்ட் ஆட்டங்களும் 32 ஒரு நாள் ஆட்டங்களும் ஆடியவர். சுழற்பந்து வீச்சாளரிடம் பந்தைக் கொடுத்த அணித்தலைவர், லம்பாவை ஷார்ட் லெக்கில் நிற்கச் சொன்னார். ஓவரில் மீதம் இருந்தவை மூன்றே பந்துகள். தலைக்கவசம் வேண்டுமா என்று கேட்டார்கள். மூன்று பந்துதானே, எதற்கு என்று மறுத்துவிட்டார் லம்பா.

மட்டையாளர் ஓங்கி அடித்தார். பந்து லம்பாவின் நெற்றியில் மோதி எழும்பியது. எழும்பிய பந்தை விக்கெட் கீப்பர் பிடித்தார். மட்டையாளர் அவுட்! லம்பா தாமே எழுந்து நடந்து சென்றார். முதலில் யாரும் அஞ்சவில்லை. பின்னர் மூளையில் இரத்தக் கசிவு என்று தெரிந்தது. அறுவை செய்தும் பயனில்லை. மூன்று நாட்களுக்குள் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 38.

பெரியோர்களே! இரண்டு காட்சிகளையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அதே ஷார்ட் லெக். அதே ஓங்கிய அடி. அதே போலத் தலையில் மோதி எழும்பிய பந்து. எழும்பியதைப் பிடித்த கை. இடையில் 27 ஆண்டுகள். ஒருவர் சில நாட்களில் இறுதி ஆட்டம் ஆடினார். மற்றவர் வீடு திரும்பவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன? விதியா? திறமையா? இல்லை. ஒரு தலைப்பாகை, அவ்வளவுதான்.

அந்தத் தலைப்பாகை எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்பதைச் சொல்லவே இன்று வந்தேன். அது எளிதில் வரவில்லை. விளையாட்டை நடத்திய பெரிய மனிதர்கள் மனமிரங்கிக் கொடுத்ததும் அன்று. ஆடியவர்களே, அடிபட்டவர்களே, ஏளனத்தைத் தாங்கிக்கொண்டு கொண்டுவந்தார்கள்.

முதலில் ஓர் அம்மையாரைச் சொல்ல வேண்டும். 1933ஆம் ஆண்டு இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்தை எதிர்த்து ஆட வந்த பாட்ஸி ஹென்ட்ரன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரரின் தலையில் ஒரு விசித்திரமான தொப்பி இருந்தது. ரப்பர் வைத்துத் தைத்து, காதுகளையும் பொட்டுகளையும் மறைக்கும்படி இருபுறமும் மடல் தொங்கவிட்ட தொப்பி. தைத்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி. ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அந்தத் தொப்பியை இன்றும் பேசுகிறோம். விளையாட்டில் தாய்மார்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

அதற்குப் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, நம் நாட்டின் அணித்தலைவருக்கே ஆபத்து வந்தது. நாரி காண்ட்ராக்டர் இங்கிலாந்தை முதன்முறையாக டெஸ்ட் தொடரில் வென்ற இந்திய அணியின் தலைவர். எங்கள் இரயில்வே அணிக்கும் ஆடியவர் என்பதால் எனக்குச் சற்றுக் கூடுதல் உரிமை. 1962 மார்ச் மாதம், பார்படாஸ் தீவின் பிரிட்ஜ்டவுன் மைதானத்தில், சார்லி கிரிஃபித் வீசிய பந்து அவருடைய தலையில் பாய்ந்தது. பந்து வரும் நேரத்தில் எதிரே இருந்த கட்டடத்தில் யாரோ ஒரு சன்னலைத் திறந்தார்களாம். ஒரு கணம் கவனம் அங்கே போய்விட்டது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஒரு கணம்தான். மண்டை ஓடு உடைந்தது. உயிருக்குப் போராடியவருக்கு எதிரணித் தலைவர் பிராங்க் வொரல் இரத்தம் கொடுத்தார். நம் அணியின் உம்ரிகர், போர்டே, நட்கர்னி ஆகியோரும் கொடுத்தனர்.

நாடு திரும்பிய பிறகு அவருடைய மண்டையில் உலோகத் தகடு பொருத்திய இடம் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. பொருத்தியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கோட்டயத்தில் பிறந்து, 1949இல் வேலூரில் மூளை அறுவைத் துறையைத் தொடங்கி, இந்தியாவில் அந்தத் துறைக்கே வழிகாட்டியாக விளங்கியவர். மலையாள மண்ணில் பிறந்தவர் தமிழ் மண்ணில் நின்று ஓர் இந்திய அணித்தலைவரின் தலையைக் காத்தார். தமிழ் மண்ணிலிருந்து மலையாள மண்ணுக்கு வந்து வாழும் நாம் இதை மறக்கலாகாது. அந்தத் தகடு 60 ஆண்டுகள் அவர் தலையில் இருந்து, 2022ஆம் ஆண்டில்தான் எடுக்கப்பட்டது. காண்ட்ராக்டர் பிழைத்தார், மாநில அளவில் மீண்டும் ஆடவும் செய்தார். ஆனால் டெஸ்ட் ஆட்டம் அத்தோடு முடிந்தது. 28 வயதில் முடிந்தது.

இத்தனைக்குப் பிறகும் தலைக்கவசம் வந்ததா? இல்லை. மேலும் 15 ஆண்டுகள் ஆயின. 1977இல் இங்கிலாந்தின் மைக் பிரியர்லி தொப்பிக்கு அடியில் ஒரு சிறு மண்டைக் காப்பு அணிந்தார். அதே ஆண்டு, டென்னிஸ் ஏமிஸ் என்பவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் அணிவது போன்ற பெரிய கவசத்தைச் செய்வித்து ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துச் சென்றார். கூட்டம் கேலி செய்தது. சில நாட்களில் அங்கே டேவிட் ஹுக்ஸ் என்ற இளம் ஆட்டக்காரரின் தாடை எலும்பு பந்தடியில் உடைந்தது. கேலி செய்த வாய்கள் சற்றே அடங்கின. 1978 மார்ச் மாதத்தில் ஆஸ்திரேலியாவின் கிரகாம் யாலப் டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முறையாக முழுத் தலைக்கவசம் அணிந்து களமிறங்கினார். எந்த மைதானத்தில் தெரியுமா? பிரிட்ஜ்டவுன். 16 ஆண்டுகளுக்கு முன், அதே மார்ச் மாதத்தில், நம் காண்ட்ராக்டர் விழுந்த அதே மைதானம். அங்கே கூடியிருந்தவர்கள் யாலப்பைப் பார்த்துக் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள் என்றால், மனித மனத்தின் மறதியை என்னென்பது!

நம் சுனில் கவாஸ்கரும் நீண்ட காலம் வெறுந்தலையோடு ஆடியவரே. 1983இல் கயானாவில் மால்கம் மார்ஷல் வீசிய பந்து அவர் நெற்றியைத் தாக்கிற்று. அதன் பின் தமக்கென்று ஒரு மண்டைக் காப்பைத் தாமே வடிவமைத்து அணிந்தார். கவாஸ்கரே அணிகிறார் என்றால் மற்றவர்களுக்கு என்ன வெட்கம்?

"விவியன் ரிச்சர்ட்ஸ் கடைசி வரை தலைக்கவசம் அணியவில்லையே" என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். மெய்தான். தம்பிமார்களே, ரிச்சர்ட்ஸின் கண்ணும் காலும் உங்களுக்கு இருந்தால் நீங்களும் அணிய வேண்டாம். ஆனால் அதை யார் முடிவு செய்வது? 160 கிராம் பாரமுள்ள பந்து உங்களை வந்தடைய அரை விநாடி கூட ஆகாது. அந்த அரை விநாடிக்குள் நான் ரிச்சர்ட்ஸா இல்லையா என்று ஆராய்ச்சி செய்ய முடியுமா?

கிரிக்கெட்டில் மட்டும்தான் இந்தக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். நாம் கண்ணாலும் காணாத ஒரு விளையாட்டு உண்டு: ஐஸ் ஹாக்கி. கனடா நாட்டில் உறைந்த தரையின் மேல், காலில் கத்தி போன்ற சறுக்குக் காலணி கட்டிக்கொண்டு ஆடுவார்கள். பந்துக்குப் பதில் கெட்டி ரப்பராலான வட்டு. அது வரும் வேகம் நம் வேகப்பந்தையும் மிஞ்சும். அந்த வட்டுக்கு எதிரே முகத்தில் எந்தக் காப்பும் இல்லாமல் கோல் காவலர்கள் நின்ற காலம் ஒன்று இருந்தது. அதைக் கேட்ட போது, நம் கதையையே வேறு மொழியில் கேட்பது போல் இருந்தது எனக்கு.

மாண்ட்ரியல் அணியின் கோல் காவலர் ஜாக் பிளான்ட். பயிற்சி செய்யும்போது மட்டும் முகமூடி அணிவார். ஆட்டத்தில் அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் ஒப்பவில்லை. முகமூடி பார்வையை மறைக்கும், அணிபவன் அஞ்சியவன் என்று பெயர் வரும் என்பது அன்றைய எண்ணம். 1959 நவம்பர் முதல் நாள், நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு பிளான்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டார்கள். மாற்றுக் காவலர் ஆயத்தமாக இல்லாத காலம் அது. "முகமூடி இல்லாமல் திரும்ப மாட்டேன்" என்றார் பிளான்ட். பயிற்சியாளருக்கு வேறு வழியில்லை. அன்று அணி வென்றது. தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. அடுத்த மார்ச் மாதம் பயிற்சியாளர் சொல்லுக்காக ஒரே ஒரு நாள் முகமூடியைக் கழற்றினார். அன்று அணி தோற்றது. மறுநாள் மீண்டும் அணிந்தவர் பிறகு கழற்றவில்லை. அவ்வாண்டு கோப்பையும் அவர்களுக்கே. முகமூடி போட்டவன் கோழை என்று யார் இனிச் சொல்ல முடியும்?

காவலருக்கு முகமூடி வந்தது; மற்ற ஆட்டக்காரர்களின் தலைக்குக் கவசம் வரவில்லை. 1968 ஜனவரியில் பில் மாஸ்டர்டன் என்ற ஆட்டக்காரர் மோதி விழுந்து, வெறுந்தலை பனித்தரையில் அடிபட்டு, இரண்டு நாளில் இறந்தார். அதன் பிறகும் 11 ஆண்டுகள் கழித்து, 1979இல்தான் புதிதாக வருகிற ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி பிறந்தது. பழையவர்களுக்கு விலக்கு அளித்தார்கள். வெறுந்தலையோடு ஆடிய கடைசி மனிதர் கிரெய்க் மக்டாவிஷ் 1997இல் ஓய்வு பெற்றார்.

இரண்டு விளையாட்டுகளையும் ஒப்பிட்டால் ஒரே வரிசை தெரிகிறது. முதலில் ஏளனம்; பிறகு மரணம்; கடைசியில் விதி. எங்கள் இரயில்வேயிலும் விதிப் புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்கோ நடந்த ஒரு விபத்து இருக்கிறது என்று மூத்த ஊழியர்கள் சொல்வார்கள். புத்தகத்தைப் புரட்டும்போது அந்த வரிகள் சலிப்பாக இருக்கும். அவற்றின் விலை தெரிந்தவர்களுக்குச் சலிப்பு வராது.

கிரிக்கெட்டின் விதிகளில் ஒரு வேடிக்கையும் இருந்தது. களத்தில் நிற்பவருடைய வெறுந்தலையில் பட்டு எழும்பிய பந்தைப் பிடித்தால் மட்டையாளர் அவுட். அவர் அணிந்த தலைக்கவசத்தில் பட்டு எழும்பியதைப் பிடித்தால் அவுட் இல்லை! தலையைக் காத்துக்கொண்டவனுக்கு நட்டம், காக்காதவனுக்கு ஆதாயம். லம்பாவின் நெற்றியில் பட்டது விக்கெட்டாக எண்ணப்பட்டது இந்த வழக்கப்படியே. 2017 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய விதித் தொகுப்பு இதை மாற்றியது. அந்த மாற்றம் இல்லாவிட்டால் சல்மான் நிசாரின் கவசத்தில் பட்ட பந்தும் வீணே; கேரளம் இறுதி ஆட்டத்தைக் கண்டிருக்குமோ, ஐயமே. 2023 ஜூன் முதல், சர்வதேச ஆட்டங்களில் வேகப்பந்தை எதிர்கொள்பவரும், ஸ்டம்புக்கு ஒட்டி நிற்கும் விக்கெட் கீப்பரும், மட்டைக்கு முன்னால் அருகில் நிற்பவரும் தலைக்கவசம் அணிவது கட்டாயம். மூன்று பந்துதானே என்ற பேச்சுக்கே இனி அங்கே இடமில்லை.

தலைக்கவசம் அணிந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. 2014 நவம்பரில் சிட்னியில் பிலிப் ஹியூஸ் தலைக்கவசம் அணிந்தே ஆடினார்; பந்து கவசத்துக்குக் கீழே கழுத்தில் பட்டது; இரண்டு நாளில் இறந்தார். அதன் பின்னரே கழுத்துக் காப்பு வந்தது. 2023 முதல் ஆஸ்திரேலியா தன் உயர்நிலை ஆட்டங்களில் வேகப்பந்தை எதிர்கொள்பவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது.

மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத காயம். நம் வீட்டு முற்றத்தில் விழும் தேங்காயை எடுத்துப் பாருங்கள். ஓடு உடையாமல் இருக்கும். உள்ளே இருக்கும் நீரோ விழுந்த வேகத்தில் குலுங்கியிருக்கும். மூளையும் அப்படித்தான். கவசம் மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளிருக்கும் மூளை குலுங்குவதை முழுவதும் தடுக்காது. அடிபட்டவன், "ஒன்றுமில்லை, ஆடுகிறேன்" என்பான். ஆடுவான். ஆறாத மூளைக்கு இரண்டாவது அடி விழுந்தால் முதல் அடியைவிடக் கேடு அதிகம்.

இதை ஊருக்கு எடுத்துச் சொன்னவர்களும் ஆட்டக்காரர்களே. ஜாக் பிளான்ட் நின்ற அதே மாண்ட்ரியல் கோலில் 1970களில் நின்றவர் கென் டிரைடன். சட்டம் படித்தவர், பின்னாளில் கனடாவின் மத்திய அமைச்சராகவும் இருந்தவர். தலையடிகளால் சீரழிந்து இளமையிலேயே மறைந்த ஓர் ஆட்டக்காரரின் வாழ்வை 2017இல் நூலாக எழுதி, தலையில் மோதுவதை அறவே தடை செய்யுங்கள் என்று வாதாடினார். 2025 செப்டம்பரில் மறையும் வரை அதையே பேசினார். பல முறை தலையடி பட்டு ஆட்டத்தை விட்ட எரிக் லிண்ட்ராஸ், தலையடி பட்ட சிறுவரை உடனே களத்திலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று ஒண்டாரியோ மாநிலம் 2018இல் சட்டம் இயற்றத் துணை நின்றார். கிரிக்கெட்டும் 2019 ஆகஸ்டு முதல், தலையடி பட்டவருக்குப் பதிலாக வேறொருவர் முழுமையாக ஆட இடம் கொடுத்தது. இனி அடிபட்டவன் அணிக்காக வலியை மறைக்க வேண்டியதில்லை.

அன்பர்களே, இவ்வளவு நேரம் பிரிட்ஜ்டவுன், நியூயார்க் என்று உலகைச் சுற்றினேன். இனி நம் காலனிக்கு வருகிறேன். அதற்கு முன் என் தவறு ஒன்றை இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கு முன், நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் தோல் பந்தில் ஆடுவோம். ஒரு நண்பர் ஷார்ட் லெக்கில் நிற்க வந்தபோது தம் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, வண்டியை எங்கே நிறுத்தினீர்கள்?" என்று உரக்கக் கேட்டேன். மைதானமே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றி எல்லைக் கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டு வந்து நின்றார். அடுத்த ஓவரில் பந்து அவருடைய இடப் புருவத்தைப் பிளந்தது. ஏழு தையல். கண் தப்பியது இறைவன் அருள்.

அவர் இன்று வரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. இதோ இந்த மண்டபத்தில் உங்களுள் ஒருவராக அமர்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று பந்தை அடித்தவர் வேறொருவர். ஆனால் அந்தத் தலைக்கவசத்தைக் கழற்றியவன் நான்தான். யாலப்பைக் கேலி செய்த கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை, அந்தக் கதையைப் படித்த அன்றுதான் உணர்ந்தேன். அண்ணே, இருபது ஆண்டுகள் தாமதமாகக் கேட்கிறேன், மன்னியுங்கள்.

இவ்வாண்டு முதல் நம் இளைஞர்கள் டென்னிஸ் பந்தை விட்டுத் தோல் பந்துக்கு மாறியிருக்கிறார்கள். நல்ல வளர்ச்சி. போன மாதம் நடுவராக நான் நின்ற ஆட்டத்தில், பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் வெறுந்தலையோடு ஷார்ட் லெக்கில் வந்து குனிந்தான். "கவசம் எங்கே தம்பி?" என்றேன். "ஒரு ஓவர்தானே மாமா" என்றான். என் உடல் ஒரு கணம் நடுங்கிற்று. லம்பா சொன்ன அதே சொல். அவனை வெளியே அனுப்பினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். தோழர்கள் சிரித்தார்கள். அவன் முகம் வாடியது எனக்கும் வருத்தமே. ஆனால் அவனுடைய அன்னையாரின் முகம் வாடுவதைவிட அது மேல்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: விளையாட்டு நிதியில் முதற்செலவாக நான்கு தலைக்கவசங்கள் வாங்க வேண்டும். மட்டையாளர் இருவருக்கு, விக்கெட் கீப்பருக்கு, அருகில் நிற்பவருக்கு. தலைக்குப் பொருந்தாத கவசத்தால் பயனில்லை. ஆகவே அளவு பார்த்து வாங்க வேண்டும். ஒரு முறை பலத்த அடி வாங்கிய கவசத்தை மீண்டும் அணியாமல் மாற்றிவிட வேண்டும். கோப்பையின் உயரத்தைக் குறைத்தாலும் குறையலாம், இதைக் குறைக்கலாகாது.

இரண்டு: தலையில் அடிபட்ட பிள்ளை, ஒன்றுமில்லை என்று எவ்வளவு சொன்னாலும், அன்றைய ஆட்டத்திலிருந்து விலக வேண்டும், மருத்துவரிடம் காட்ட வேண்டும், அவர் சம்மதித்த பிறகே திரும்ப வேண்டும். அவன் இடத்தில் வேறொருவனை ஆட விடுவோம். உலகம் ஒப்புக்கொண்டதை நம் காலனி ஒப்புக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

மூன்றாவது வேண்டுகோளுக்குப் பணம் வேண்டாம். ஆனால் அதுவே கடினமானது. கவசம் அணிந்து வருபவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. திண்ணையில் அமர்ந்து ஆட்டம் பார்க்கும் பெரியவர்களே, குறிப்பாக உங்களையும் என்னையும் சேர்த்தே சொல்கிறேன். "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். நம் காலத்தில் இதெல்லாம் இல்லாததால் யார் யார் வீடு திரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பேச்சு முழுமை பெறும்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்றார்கள் முன்னோர். அந்தச் சிரசைக் காக்க ஹென்ட்ரனின் மனைவி ஊசி எடுத்தார். பிளான்ட் திரும்ப மாட்டேன் என்று உறுதியாக நின்றார். ஏமிஸும் யாலப்பும் ஏளனத்தைத் தாங்கினார்கள். டாக்டர் சாண்டி கத்தி பிடித்தார். அவர்கள் பட்ட பாட்டின் பயனை, கடையில் விலை கொடுத்தால் நம் பிள்ளைகள் இன்று பெற்றுக்கொள்ளலாம். விலை கொடுக்க நாம் தயங்கினால் குற்றம் நம்முடையதே.

முன் வரிசைச் செல்வங்களே, உங்கள் பரிசளிப்பு தொடங்கப் போகிறது. அடுத்த ஆண்டு இதே மேடையில் ஷார்ட் லெக்கில் சிறப்பாக ஆடியவனுக்கென்று என் சொந்தச் செலவில் ஒரு பரிசு தரப் போகிறேன். நிபந்தனை ஒன்றே: தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து வாங்க வேண்டும். அதில் பந்து பட்ட தடம் இருந்தால், பரிசு இரண்டு. ஆனால் அந்தக் கவசம் பேழைக்குத்தான். ஆடுவதற்குப் புதியதொன்று சங்கம் தரும்.